மலர் நீரும் மனிதத் தோலும்

வெந்நீரில் மலர்களையும் வேர்களையும் இட்டு, அவற்றின் பரிமளம் நீரில் இறங்கிய பின் அந்நீரில் சரீரத்தை அமிழ்த்திக் கொள்ளும் வழக்கம் எந்த ஒரு தேசத்துக்கும் தனி உரிமையானதன்று. ஜப்பானியர் குளிர்காலத்தில் பகற்பொழுது மிகக் குறுகியிருக்கும் நாளன்று, யூசு என்னும் எலுமிச்சை இனத்துக் கனிகளை முழுமையாக வெந்நீர்த் தொட்டியில் மிதக்க விட்டு நீராடுகிறார்கள். மே மாதம் 5ஆம் நாள், குழந்தைகளுக்குரிய திருநாளில், அவர்கள் அதே தொட்டியில் இடுகிற நீண்டு ஒடுங்கிய இலைகள், நம் வீடுகளில் கைம்மருந்தாக வைத்திருக்கும் வசம்பைத் தருகிற செடியின் இலைகளே. நம் நாட்டிலோ, மணமக்களுக்கு நலங்கு வைக்கும்போதும், ஆலயங்களில் அபிஷேகம் நடக்கும்போதும், விருந்தினரைப் பன்னீர் தெளித்து வரவேற்கும்போதும் மலரும் நீரும் இணைந்தே வந்திருக்கின்றன. இத்தனை பேர் இத்தனை காலமாக விரும்பிச் செய்து வரும் காரியத்தில் உண்மையான சுகம் ஏதோ இருந்தே தீர வேண்டும். அது எங்கிருந்து பிறக்கிறது என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு இன்று கடைகளில் விற்கும் பொட்டலங்கள் தரும் விடை வேறாக இருக்கிறது. மலரின் சத்து தோல் வழியே உட்புகுந்து இரத்தத்தைச் சுத்தி செய்யும் என்றும், உப்பு உடம்பில் தேங்கிய நஞ்சையெல்லாம் உறிஞ்சி வெளியே கொணரும் என்றும் அவற்றின் மேல் அச்சிட்டிருக்கிறார்கள். கல்லீரலும் சிறுநீரகமும் இரவு பகலாகச் செய்து வரும் அந்தப் பணியைத் தொட்டி நீர் செய்து முடிக்கும் என்பது சரீர சாஸ்திரத்துக்கு ஒவ்வாத பேச்சு. ஆயினும் மலர் நீரில் கால்மணி நேரம் இருந்து எழுந்தவர் அடைகிற சாந்தி பொய்யன்று. மலர் தன் காரியத்தைப் பெரும்பாலும் நாசியின் வழியாகவும், நீர் தன் காரியத்தை இரத்தக் குழாய்களின் வழியாகவும் செய்கின்றன. தோலுக்கு நாம் செய்ய வேண்டிய உபகாரமெல்லாம், அவ்விரண்டும் நிகழும்போது அதைப் புண்படுத்தாமல் விடுவதும், முடிந்தபின் அதன் ஈரத்தைக் காத்துக் கொடுப்பதுமே ஆகும். இந்த உண்மையைத் தெரிந்துகொண்டு செய்தால், விலையுயர்ந்த பொட்டலங்கள் தரும் சுகத்தைக் காட்டிலும் மேலான சுகத்தை, பூக்கடையிலும் நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு வீட்டிலேயே பெறலாம் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

முதலில் தோலைப் பார்ப்போம். அதன் மேற்பரப்பாக அமைந்த கொம்புப் படலம் என்பது, உயிர் நீங்கித் தட்டையாகிப் போன அணுக்கள் 15 முதல் 20 வரிசைகளாக ஒன்றன்மேல் ஒன்று படிந்த மெல்லிய உறை. உள்ளங்கையும் உள்ளங்காலும் நீங்கலாக, மற்ற இடங்களில் பெரும்பாலும் அதன் கனம் ஒரு மில்லிமீட்டரை 50 கூறாக்கினால் அதில் ஒரு கூற்றுக்கு மேற்படாது. செங்கற்களை அடுக்கி இடையிடையே காரை பூசிய சுவரை மனத்தில் கொண்டால் இதன் அமைப்பு விளங்கும்: கெரட்டின் என்னும் புரதம் நிறைந்த தட்டை அணுக்கள் செங்கற்கள், செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் ஆகிய மூன்றும் கலந்த பூச்சு காரை. கடலில் நீந்துகிறவன் உப்பேறிப் போகாமலும், அடைமழையில் நனைந்தவன் நீரேறி வீங்கிப் போகாமலும், சித்திரை வெயிலில் நடக்கிறவன் உலர்ந்து சருகாகிப் போகாமலும் காப்பது இவ்வளவு மெல்லிய இந்தச் சுவர்தான் என்பதை எண்ணும்போது, அதைக் கண்டபடி தேய்த்தும் உரித்தும் அழகு செய்ய முற்படுவது எவ்வளவு பேதைமை என்று தோன்றுகிறது.

இச்சுவர் நீரில் ஊறும்போது கெரட்டின் அணுக்கள் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன; தோல் மிருதுவாகிறது. அந்த மிருதுத்தன்மையே குளியலின் பயன் என்று பலர் கொண்டாடுகிறார்கள். ஆனால் வெகுநேரம் ஊறினால், அதிலும் நீர் மிகச் சூடாக இருந்தால், காரையாகிய கொழுப்புப் பூச்சு குலைகிறது. அணுக்களுக்குள் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் அமினோ அமிலங்கள் முதலிய பொருள்கள் கரைந்து வெளியேறுகின்றன. தொட்டியை விட்டு எழுந்து துடைத்துக் கொண்ட பின், முன்னிருந்த ஈரத்தையும் தோல் இழந்து போவது இதனால்தான். மேலும் ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு இலேசான புளிப்புத் தன்மை உடையது, அதன் பி.எச். அளவு ஏறத்தாழ 5. சாதாரண சோப்போ 9, 10 என்ற அளவில் காரமானது. குளியல் நீரில் சமையல் சோடாவைக் கொட்டச் சொல்லும் யோசனைகளை நான் ஏற்பதில்லை என்பதற்கும் காரணம் இதுவே. சோடா கரைந்த நீரின் பி.எச். 8க்கு மேல் போய்விடுகிறது.

விரல் நுனிகள் நீரில் ஊறிச் சுருங்குவதைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. தோல் நீரை உறிஞ்சிப் பெருப்பதால் வரும் மடிப்பு அது என்று நெடுங்காலம் கருதி வந்தார்கள். கைக்குச் செல்லும் நரம்பு பழுதுபட்டவர்களுக்கு அந்த நரம்புக்குரிய விரல்கள் எவ்வளவு ஊறினாலும் சுருங்குவதில்லை என்பதை 1930களில் தாமஸ் லூயிஸ், ஜார்ஜ் பிக்கரிங் என்ற பிரிட்டிஷ் மருத்துவர்கள் கவனித்தார்கள். நரம்பின் ஆணையால் விரல் நுனியின் இரத்தக் குழாய்கள் குறுகுவதே அச்சுருக்கத்தின் காரணம். ஆகவே, தோல் வெறும் போர்வையாக இராமல், நீரில் தான் இருப்பதை உணர்ந்து அதற்கேற்ப நடந்து கொள்கிற ஓர் அவயவமாகவே இருக்கிறது.

இனி, இச்சுவரைத் தாண்டி எது உள்ளே போகும்? பொதுவாக 500க்கு மேற்பட்ட மூலக்கூறு எடை கொண்ட பொருள் ஆரோக்கியமான தோலினூடே செல்வது அரிது என்று டச்சுத் தோல் மருத்துவர்கள் இருவர் 2000ஆம் ஆண்டில் வகுத்துக் கூறினார்கள். மலரின் வாசனைப் பொருள்கள் சிறியவை. லாவெண்டரிலும் மல்லிகையிலும் உள்ள லினலூல் என்பதன் எடை 154 மட்டுமே. அது எண்ணெயில் கலந்து தோலில் தேய்க்கப்பட்டபின் இரத்தத்தில் காணப்பட்டிருக்கிறது. ஆனால் தொட்டி நீரில் கரைந்து கிடக்கும் அற்ப அளவிலிருந்து உட்புகுவது சொற்பமே. அதே நேரத்தில் ஆவியாகி எழுந்து ஒவ்வொரு மூச்சிலும் நாசிக்குள் செல்லும் மணமோ தடையின்றித் தன் இடத்தை அடைகிறது.

உப்பின் கதை இன்னும் சுவையானது. இங்கிலாந்தில் லண்டனுக்குத் தெற்கே எப்சம் என்ற ஊரில், 1618ஆம் ஆண்டின் கடும் வறட்சியில், ஹென்றி விக்கர் என்ற மாட்டுக்காரர் ஒரு குட்டையைக் கண்டு தம் மாடுகளை அதில் நீர் அருந்த விட்டார் என்றும், தாகத்தால் தவித்த மாடுகளும் அந்நீரை முகர்ந்து விட்டு விலகிப் போயின என்றும் ஒரு வரலாறு வழங்குகிறது. அந்நீரின் கசப்புக்குக் காரணமான உப்பைப் பற்றி நெஹெமையா க்ரூ என்ற தாவர சாஸ்திரி 1695இல் தனி நூலே எழுதினார். மக்னீசியம் சல்ஃபேட்டு என்று ரசாயன நூல்கள் கூறும் அதுவே எப்சம் உப்பு. நம் மருந்துக் கடைகளில் முன்னாளில் பேதியுப்பு என்று கேட்டு வாங்கியதும் அதுவே. ஊறு நீரில் அதை இட்டால் மக்னீசியம் தசைகளுக்குள் சென்று வலியைத் தீர்க்கும் என்ற நம்பிக்கை மேல்நாடுகளில் வேரூன்றியிருக்கிறது. நீரில் கரைந்த மக்னீசியம் அயனி தன்னைச் சுற்றி நீர் மூலக்கூறுகளைக் கவசமாக அணிந்திருப்பது. கொழுப்புப் பூச்சுக்குள் அது நுழைவது எளிதன்று. என்றாலும் உப்பு முழுவதும் வீண் என்று தள்ளிவிடவும் கூடாது. 2005இல் ஜெர்மனியில் எர்ஹார்ட் ப்ரோக்ஷ் முதலியோர் வெளியிட்ட ஆராய்ச்சியில், வறண்டு அரிக்கும் தோலுடையோர் ஒரு முன்கையை மக்னீசியம் மிகுந்த சாக்கடல் உப்பின் 5 சதவீதக் கரைசலிலும், மற்றொன்றைக் குழாய் நீரிலும் 15 நிமிஷம் ஊற வைத்து வந்தார்கள்; உப்பு நீரில் ஊறிய கையின் தோற்சுவர் சீர்ப்பட்டு, சிவப்பும் குறைந்தது. 5 சதவீதம் என்பது 10 லிட்டர் நீருக்கு அரைக்கிலோ உப்பு. ஒரு தொட்டி நிறைய நீரில் ஒரு பிடி உப்பைத் தூவிவிட்டு இப்பயனை எதிர்பார்ப்பதற்கில்லை.

மலருக்கு வருவோம். இங்கேதான் விஷயம் மிகவும் வளமாக இருக்கிறது. ஏனெனில் எந்த மலரும் தன் மணத்தை மற்றொரு மலர் தருகிற விதமாகத் தருவதில்லை. நீரில் இறங்கும் மணம் உண்டு. எண்ணெயில் மட்டும் தங்கும் மணம் உண்டு. எளிதில் காற்றிலே கலையாமல் உள்ளேயே தங்கி நிற்கும் மணமும் உண்டு. மூன்றையும் ஒரே கொதிநீரில் போட்டு ஒரே விதமாக அவிப்பவர், நல்ல மலர்களை வாங்கி வீணாக்குகிறவர்.

ரோஜாவின் முக்கியமான மணப்பொருள்களில் ஒன்றாகிய ஃபீனைல் எத்தில் ஆல்கஹால், வாசனைப் பொருள்களுள் அபூர்வமாக, நீரில் நன்கு கரைவது. ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 20 கிராமை ஏற்கும். பல்கேரியாவில் கசன்லக் பள்ளத்தாக்கில் ரோஜா இதழ்களை வாலையில் வடிக்கும்போது, ஆவியோடு வந்து குளிர்ந்த நீரின்மேல் மிதக்கும் தைலத்தில் சிட்ரனெல்லால், ஜெரானியால் முதலியவை மிகுந்திருக்க, இந்த ஆல்கஹாலின் பெரும்பகுதி கீழேயுள்ள நீரிலேயே தங்கிவிடுகிறது. ஒரு கிலோ தைலத்துக்கு 3,000 முதல் 4,000 கிலோ வரை இதழ்கள் வேண்டியிருப்பதால் தைலம் பொன்னைப் போல் காக்கப்படுகிறது; ஆனால் மலரை முகரும்போது நாம் உணரும் இனிய மென்மை பன்னீரிலேதான் அதிகம் நிலைத்திருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் கன்னௌஜ் நகரத்தில் இன்றும் செப்பு வாலைகளின் வாயை மண்ணால் பூசி அடைத்து, மூங்கிற் குழாய் வழியாக ஆவியைக் கொண்டு சென்று சந்தன எண்ணெயிலே இறக்கி அத்தர் செய்கிறார்கள். ரோஜாவில் மிகமிகச் சிறிய அளவிலே இருக்கும் டமசினோன் என்ற பொருளோ, அளவுக்குச் சற்றும் பொருந்தாத பெரும் பங்கை மணத்தில் வகிக்கிறது. இவ்வளவையும் சொல்வதன் பயன் ஒன்றே: ரோஜாவை நம்பி வெந்நீரை நாடலாம். ஆனால் கடையில் கிடைக்கும் நீண்ட காம்புள்ள பெரிய ரோஜாக்கள் கண்ணுக்காக வளர்க்கப்பட்டவை. அவற்றில் மணம் சொற்பம். சிறிய, வெளிறிய சிவப்புடைய பன்னீர் ரோஜாவே இதற்கு உரியது.

மல்லிகையின் குணம் நேர்மாறானது. பறிக்கப்பட்ட ரோஜா தன் கைவசமுள்ள மணத்தை இழந்து கொண்டே போவது. பறிக்கப்பட்ட மல்லிகை மொட்டோ, செடியை விட்டு நீங்கிய பின்னும் உயிரோடிருந்து, மாலையில் மலரும் வேளையில் புதிதாக மணத்தை உற்பத்தி செய்து வெளியிட்டுக் கொண்டேயிருப்பது. மதுரைச் சீமையில் பொழுது விடியுமுன்பே மொட்டாகப் பறித்து மாட்டுத்தாவணிச் சந்தைக்குக் கொண்டு வருவதன் ரகசியம் இதுவே. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த மதுரை மல்லி, காலையில் மூடிய மொட்டாக விலை போய், மாலையில் வாங்கினவர் கூந்தலிலே மணக்கத் தொடங்குகிறது. பென்சைல் அசிடேட்டு, லினலூல் முதலிய இனிய பொருள்களோடு இந்தோல் என்ற ஒன்றும் அதிலே இருக்கிறது. செறிவாக முகர்ந்தால் அருவருப்பு உண்டாக்கும் இந்தோல், மிக நீர்த்த நிலையில் மல்லிகைக்கு அதன் கனத்தையும் மயக்கத்தையும் கொடுக்கிறது. கொதிக்கும் நீரிலிட்டால் மொட்டு இறந்து, அதன் மணத் தொழிலும் அத்துடன் நின்று போய், வெந்த கீரையின் வாடையே மிஞ்சுகிறது. ஆகையால் மல்லிகையைக் கொழுப்பின் அருகே உயிரோடு வைத்திருந்து, அது விடும் மணத்தைக் கொழுப்பு வாங்கிக் கொள்ளும்படி செய்ய வேண்டும். பிரான்ஸ் தேசத்துக் கிராஸ் நகரில் கண்ணாடித் தட்டுகளில் கொழுப்பைப் பூசி அதன்மேல் மலர்களைப் பரப்பி வைத்ததும், வடஇந்தியாவில் எள்ளையும் மல்லிகையையும் மாறி மாறி அடுக்கி வைத்து, மணமேறிய எள்ளைச் செக்கிலிட்டு ஆட்டியதும் இதே உபாயத்தின் இரண்டு வடிவங்கள்.

வெட்டிவேர் மூன்றாம் வகை. அதன் மணத்தை உண்டாக்கும் குசிமால் முதலிய பொருள்கள் கனத்தவை, எளிதில் ஆவியாகாதவை. வேரின் உள்ளே பத்திரமாக இருப்பவை. மண்பானை நீரில் இரவு முழுவதும் வெட்டிவேரை ஊற விடுகிற நம் வழக்கம் இந்த இயல்பை நன்கு அறிந்தவர்கள் வகுத்ததே. ரோஜாவின் மணம் சில நிமிஷங்களில் எழுந்து கலைந்து போகும்போது, வெட்டிவேரின் மணம் அடியில் நின்று, நீராடி முடித்தபின்னும் தோலில் இலேசாகத் தங்குகிறது. இன்னும் தாழம்பூ, மகிழம்பூ, செண்பகம், மரிக்கொழுந்து என்று நம் நாட்டுச் சுகந்த வகை நீண்டு செல்லும். உலர்ந்த பின்னும் மணம் மாறாத மகிழம்பூவை மழைக்காலத்துக்காகச் சேர்த்து வைத்துக் கொள்ளலாம் என்பதை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன்.

இந்த மணங்கள் மூக்கினுள் சென்று என்ன செய்கின்றன? நாசியின் உச்சியில் அமைந்த சவ்வில், மனிதருக்கு ஏறத்தாழ 400 வகையான மண ஏற்பிகள் இருக்கின்றன. இந்த ஏற்பிகளின் பெருங்குடும்பத்தை 1991இல் கண்டறிந்து அறிவித்ததற்காக லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் ஆகிய இருவருக்கும் 2004இல் நோபெல் பரிசு கிடைத்தது. பார்வையும் கேள்வியும் தொடு உணர்ச்சியும் மூளையில் தலாமஸ் என்ற நிலையத்தில் நின்று தரம் பிரிக்கப்பட்டே மேலே செல்கின்றன. மணம் மட்டும், அச்சத்துக்கும் அமைதிக்கும் நினைவுக்கும் இருப்பிடமான பகுதிகளுக்கு நேரே போய்ச் சேர்கிறது. ஜப்பானில் காகோஷிமா பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், லினலூலின் மணத்தை முகர்ந்த எலிகளின் அச்சம் தணிந்தது. மண உணர்ச்சி அழிக்கப்பட்ட எலிகளிடம் அந்தப் பயன் தோன்றவேயில்லை. அவ்வாசனைப் பொருள் இரத்தத்தில் கலந்து வேலை செய்திருக்குமானால் அவ்வெலிகளிடமும் தோன்றியிருக்க வேண்டுமே! நாசிதான் வாயில் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. எலிக்கும் மனிதனுக்கும் இடையே பெருந்தூரம் உண்டு. என்றாலும், தாயின் கூந்தலில் மல்லிகை மணத்தை முகர்ந்து வளர்ந்தவர்க்கு அம்மணம் தரும் ஆறுதலில் மூலக்கூற்றின் பங்கும் நினைவின் பங்கும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. அதனால்தான் லாவெண்டரை விலை கொடுத்து வாங்குவதைவிட, இளமையில் பழகிய மலரையே நம்மவர் தேர்ந்து கொள்வது மேல் என்று சொல்லுகிறேன்.

உஷ்ணத்தின் வேலை வேறு. 40 டிகிரி செல்சியஸ் அளவுள்ள நீரில் அமிழ்ந்தால் தோலின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. உள்ளேயிருந்து உஷ்ணத்தைச் சுமந்து கொண்டு இரத்தம் மேற்பரப்பை நோக்கி வருகிறது. நீரை விட்டு எழுந்த பின், விரிந்த அக்குழாய்கள் வழியே உடம்பு தன் உட்சூட்டை வெளியே விட்டுக் குளிர்கிறது. அந்தக் குளிர்ச்சியே உறக்கத்துக்கு அறிகுறியாக மூளைக்குப் புலப்படுகிறது. உறங்கப் போவதற்கு ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு முன்பு, 40 முதல் 42.5 டிகிரி வரையுள்ள வெந்நீரில் 10 நிமிஷம் இருந்தாலும் உறக்கம் விரைவில் வருகிறது என்று, அதுவரை நடந்த பல ஆராய்ச்சிகளை ஒப்புநோக்கி டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தார் 2019இல் தெரிவித்தார்கள்.

நம் வீடுகளில் ஆள் படுக்கும் தொட்டி அபூர்வம். அதற்கு வேண்டிய 150 லிட்டர் நீரை ஒரு குளியலுக்குச் செலவிடுவது, கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் நகரங்களில் தர்மமும் ஆகாது. இதற்காக யாரும் வருந்த வேண்டியதில்லை. உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும், நுண்குழாய்களைச் சுற்றிக் கொண்டு போகாமல் நேரே தமனியையும் சிரையையும் இணைக்கிற அகன்ற குறுக்குவழிகள் இருக்கின்றன. உடம்பு தன் உஷ்ணத்தைக் கொட்டுவதற்குத் திறக்கும் மதகுகள் அவைதாம். சுவிட்சர்லாந்தில் பாசல் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 1999இல் வெளியிட்ட முடிவின்படி, கை கால்கள் கதகதப்பாக இருப்பதே உறக்கம் விரைந்து வருவதற்கு மிக நல்ல அடையாளம். ஆகவே கணுக்கால் மறையும்படி ஓர் அகன்ற அண்டாவில் 10 லிட்டர் மலர் நீரை வைத்துக் கொண்டு, முக்காலியில் அமர்ந்து பாதங்களை ஊற விடுகிறவர், தொட்டிக் குளியலின் பயனில் பெரும்பங்கைப் பெற்று விடுகிறார். அவர் முகம் நீருக்குச் சற்று மேலே குனிந்திருப்பதால் மணமும் நேரே வந்து சேர்கிறது.

செய்முறை மல்லிகையிலிருந்து தொடங்குகிறது. ஏனெனில் அதற்கு மூன்று இரவுகள் வேண்டும். மாலையில் வாய் திறக்கும் நிலையிலுள்ள மொட்டுகளை ஈரமில்லாமல் உலர்த்தி, செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் 100 மில்லிலிட்டரில் அவை மூழ்காமல் மேலே மிதக்கும்படி பரப்பி, பாத்திரத்தை மூடி வைக்க வேண்டும். காலையில் அவற்றை எடுத்து எறிந்து விட்டு, அன்று மாலை புதிய மொட்டுகளை இட வேண்டும். மூன்றாம் இரவு கழிந்ததும் மெல்லிய துணியில் வடிகட்டி, அடியில் நீர் தங்கியிருந்தால் அதை நீக்கி, எண்ணெயை மட்டும் இருண்ட நிறமுள்ள சிறு புட்டியில் நிரப்பிக் கொள்ளலாம். தெளிவான மணமுடைய எண்ணெய் வேண்டுவோர் நல்லெண்ணெயின் சொந்த வாசனை பிடிக்காவிடில் தேங்காயெண்ணெயைக் கொள்ளலாம்; மார்கழிக் குளிரில் அது உறைந்து விடும் என்பதே குறை.

நீராடும் நாளுக்கு முந்தின இரவு, கழுவிய வெட்டிவேர் ஒரு சிறு கட்டை ஒரு லிட்டர் நீரில் ஊற வைக்க வேண்டும். மறுநாள் பன்னீர் ரோஜா இதழ்கள் இரண்டு கை நிறைய எடுத்து, சந்தைப் பூவானால் மருந்து தெளித்ததன் எச்சம் இருக்கக் கூடுமாதலால் இரண்டு மூன்று முறை நீரில் அலசி, அடுப்பிலிருந்து இறக்கி ஐந்து நிமிஷம் ஆற விட்ட ஒன்றரை லிட்டர் வெந்நீரில் இட்டு உடனே மூடிவிட வேண்டும். கொதிக்க விட்டுத் திறந்து வைத்தால் வீடு மணக்கும், அண்டா மணக்காது. மூடியின் உட்புறத்தில் துளிர்க்கும் நீரையும் திரும்பப் பாத்திரத்துக்குள்ளேயே வழித்து விட வேண்டும். மணத்தில் நல்ல பகுதி அதிலிருக்கிறது. கால்மணி நேரம் கழித்து வடிகட்டி, வெட்டிவேர் நீரோடு சேர்த்து அண்டாவில் ஊற்றி, மேற்கொண்டு வேண்டிய நீரை விளாவிக் கொள்ளலாம். 30 டிகிரியுள்ள குழாய் நீர் ஆறு பங்குக்குக் கொதிநீர் ஒரு பங்கு சேர்த்தால் 40 டிகிரி வருமென்பது எளிய கணக்கு; பாத்திரமும் காற்றும் கொஞ்சம் சூட்டை வாங்கிக் கொள்வதால் சற்று அதிகமாகவே சேர்க்க வேண்டியிருக்கும். வெப்பமானி இருந்தால் அதைக் கொண்டும், இல்லையெனில் முழங்கையைக் கொண்டும் பார்ப்பது நலம். அன்றாடம் வேலை செய்து காய்த்த கை உண்மை சொல்லாது.

வறண்ட தோலுடையவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஓட்ஸ். அதை 50 கிராம் அளவு மிக்ஸியில் மாவாக அரைத்து, மெல்லிய துணியில் முடிந்து நீரில் பிசைந்தால் பால் போன்ற வழவழப்பு இறங்கும். அதிலுள்ள பீட்டா குளுக்கான் நீரைப் பிடித்து வைக்கும், அவினாந்திரமைடு என்ற பொருள்கள் எரிச்சலைத் தணிக்கும். நுண்ணிதாக அரைத்த ஓட்ஸை அமெரிக்க மருந்து நிர்வாகம் 2003இல் தோற்காப்புப் பொருளாகவே அங்கீகரித்தது. செதில் உரியும் கடும் வறட்சி உள்ளவர்கள் ஓட்ஸுக்குப் பதிலாக, மருந்துக் கடையில் வாங்கிய எப்சம் உப்பை முன்சொன்ன 5 சதவீத அளவில் சேர்த்துப் பார்க்கலாம். வெடிப்பும் புண்ணும் இருந்தால் உப்பு எரியும், வேண்டாம். மல்லிகை எண்ணெய் ஒரு தேக்கரண்டியை நேரே நீரில் விட்டால் தனித்தனி வட்டங்களாக மிதக்கும். அரை டம்ளர் காய்ச்சிய பாலில் அடித்துக் கலக்கி ஊற்றினால், பாலின் புரதங்கள் எண்ணெயைச் சிறு துளிகளாகப் பிடித்துக் கொண்டு நீர் முழுவதும் பரப்பும். பால் தோலை வெளுக்கச் செய்யும் என்ற பேச்சை நான் ஒப்புவதில்லை. எண்ணெயைப் பரப்பித் தருவதே அதன் உதவி. கடைசியாக, புதிய மல்லிகை மொட்டுகள் ஒரு கைப்பிடியை மேலே மிதக்க விடலாம்.

பாதங்களை 15 நிமிஷத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டா. சோப்பு இங்கே ஆகாது. ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து கரையாத படிவாகித் தோலில் ஒட்டிக் கொள்வதும் அதன் குறை. அழுக்கு நீக்க வேண்டுமானால் பச்சைப்பயறு மாவையோ, இயற்கையாகவே நுரைக்கும் சாப்போனின் நிறைந்த அரப்புத் தூளையோ கொள்ளலாம். காலை எடுத்ததும் தேய்த்துத் துடைக்காமல் துணியால் ஒற்றி, ஈரம் இலேசாக இருக்கும்போதே மல்லிகை எண்ணெயை மெல்லியதாகத் தடவ வேண்டும். ஊறிப் பருத்த அணுக்களில் உள்ள நீர், எண்ணெய்ப் படலத்தின் கீழே சிறைப்பட்டுத் தங்கும். தோலுக்கு இந்தக் குளியலால் விளையும் மெய்யான நன்மை இந்த இரண்டு நிமிஷத்தில்தான் கிடைக்கிறது. இதைச் செய்யாமல் விட்டால் மற்றெல்லாம் தோலளவில் வீண்.

சிலர் இதை எச்சரிக்கையோடு அணுக வேண்டும். நீரிழிவு நெடுநாளாக உள்ளவர்களின் பாதம் சூட்டை உணராமல் இருக்கக் கூடும். அவர்கள் வெந்நீர் ஊறலை மருத்துவரைக் கேளாமல் செய்யவே கூடாது, வெந்து போன பின்னும் தெரியாது. கழுத்தளவு தொட்டி நீரில் அமிழும்போது நீரின் அழுத்தத்தால் ஏறத்தாழ 700 மில்லிலிட்டர் இரத்தம் மார்புப் பக்கம் தள்ளப்படுவதால், இருதய நோயாளிகளுக்கும் அது பொருந்தாது. கர்ப்பிணிகள் உடல் சூடேறும்படி முழுதும் அமிழ்வதைத் தவிர்க்க வேண்டும். கைக்குழந்தைகளின் தோலுக்கு மணப்பொருள் எதுவுமே வேண்டா. மற்றவர்களும் முதல் முறை செய்வதற்கு இரண்டு நாள் முன்பே முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, சிவப்போ அரிப்போ இல்லை என்பதைக் கண்டு கொள்வது நல்லது. கடைகளில் வாங்கிய செறிந்த வாசனைத் தைலங்களை நேரே நீரில் சொட்டு விடுகிறவர்கள், கரையாமல் மிதக்கும் அத்துளி தொட்ட இடத்திலெல்லாம் தோலைச் சுடக் கூடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

மல்லிகை எண்ணெயையும் அதிக நாள் வைத்திருக்கக் கூடாது. லினலூல் காற்றிலுள்ள பிராணவாயுவோடு மெல்லக் கூடி ஹைட்ரோபெராக்சைடுகளாக மாறுகிறது. புதிய லினலூல் பெரும்பாலோர்க்குத் தீங்கற்றது, இவ்விதம் மாறியதோ தோல் ஒவ்வாமையை உண்டாக்குவது. ஆகையால் புட்டியைக் கழுத்தளவு நிரப்பி, உள்ளே காற்றுக்கு இடமில்லாமல் மூடி, வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்தில் வைத்து, ஓரிரு மாதத்துக்குள் செலவழித்து விட வேண்டும். அதற்கு முன்பே சிக்கு வாடை தட்டினால் கொட்டி விட்டு, அடுத்த பருவத்து மொட்டுகளைக் கொண்டு புதிதாகச் செய்து கொள்வதே சரி.